பெருமாள் அனுப்பிய ஈசல்

போன புரட்டாசி மூன்றாவது சனிக்கிழமை சாயங்காலம், சாட்சாத் பெருமாளே என் வீட்டு எறும்புகளுக்குச் சாப்பாடு அனுப்பிவைத்தார். சிங்கப்பூரில், புக்கிட் மேராவில், பதினோராவது மாடியில், சன்னல் வழியாக, சுடச்சுட. டெலிவரிக்குத் தனிக் காசும் கேட்கவில்லை.

சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். தேக்கா சந்தைத் தேநீர்க் கடையில் இதை நான் சொன்னபோது பக்கத்து மேசைக்காரர் சிரித்த சிரிப்பில் அவர் காது மெஷின் கழன்று சாம்பாருக்குள் விழுந்தது. அப்புறம் அவரும் நம்பிவிட்டார். எல்லாருமே நம்பிவிட்டார்கள், அல்லது நம்பியதுபோல் தலையை ஆட்டிவிட்டு எழுந்துபோனார்கள். நம்பமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றது ஒரே ஓர் ஆள். என் மனைவி ரஞ்சிதம். இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த நேரத்தில் வீட்டில் இருந்ததும் அவள் ஒருத்திதான்.

முதலிலிருந்து சொல்கிறேன். கொஞ்சம் கூட்டித்தான் சொல்வேன். குறைத்துச் சொல்லும் கெட்ட பழக்கம் எனக்குக் கிடையாது.

என் பெயர் மருதப்பன். வேலைக்காலம் முழுக்க லிஃப்ட் மெக்கானிக். இந்தத் தீவில் நான் கைவைக்காத லிஃப்ட் இல்லை. நான் ஓய்வு பெற்ற அன்றைக்குப் பாதி ஊர் படியேறி வீட்டுக்குப் போனது. மேலும் கீழும் போய்ப் பழகிய உடம்பா, சும்மா இரு என்றதும் அதற்கு ஒன்றும் புரியவில்லை. நான் உட்கார்ந்தால் நாற்காலி எழுந்துகொள்ளும். படுத்தால் கட்டில் நடக்கும். கீபோர்டு வாங்கினேன், ஒரு பாட்டு, அதுவும் பாதிதான் வந்தது. ஆர்கிட் வளர்த்தேன், அது என்னைப் பார்த்துப் பயந்தே வாடியது. மீன்தொட்டி, சீன எழுத்துத் தூரிகை, மடக்குச் சைக்கிள். எல்லாம் இப்போது ஸ்டோர் ரூமில் ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்திருக்கின்றன. ரஞ்சிதம் அந்த அறைக்கு வைத்திருக்கும் பெயர் 'மியூசியம்'. விருந்தாளி வந்தால் டிக்கெட் இல்லாமல் திறந்து காட்டுவாள்.

அப்படி இருக்கும்போதுதான் ராணி வந்தாள்.

மழைவிட்ட ஒரு காலையில் எங்கள் புளோக்கின் கீழே, சுவரில்லாத தரைத்தளமான வாய்ட் டெக்கில், சதுரங்கக் கட்டம் போட்ட கல்மேசையின்மேல் நடந்துகொண்டிருந்தாள். கன்னங்கறுப்பு. எங்கள் எதிர்வீட்டுப் பூனை அளவு. சரி, பேரீச்சங்கொட்டை அளவு. இறகை எங்கேயோ உதிர்த்துவிட்டு, வீடு பார்க்க வந்தவள் மாதிரி மூலைமூலையாகத் தட்டிப் பார்த்துக்கொண்டு போனாள். படம் எடுத்து, எறும்பு வளர்க்கிறவர்களின் போன் குழு ஒன்றில் போட்டேன். அந்தக் குழுவில் மூத்தவருக்கு வயது பதினேழு இருக்கலாம். "அங்கிள், அது குவீன்! சூப்பர் லக்கி லா!" என்று பதில் வந்தது. மாத்திரை டப்பாவைக் கவிழ்த்து, மாத்திரைகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, ராணியை உள்ளே ஏற்றினேன்.

"எறும்பையா வளர்க்கப்போறீங்க?" என்றாள் ரஞ்சிதம். "நம்ம சீனி டப்பாவுல பாதி சிங்கப்பூரோட எறும்பு இருக்கு. அதை வளருங்களேன்."

ஆனாலும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு டப்பாவுக்குள் பார்த்தாள். செவ்வெறும்பாக இருந்திருந்தால் அன்றைக்கே மஞ்சள்தூள்தான்.

"கறுப்பா இருக்கு. பிள்ளையார் எறும்பு. சரி, இருந்துட்டுப் போகட்டும்."

இந்தப் 'பிள்ளையார் எறும்பு' என்ற ஒரு சொல் பின்னால் என்னை என்ன பாடு படுத்தப்போகிறது என்று அப்போது தெரியவில்லை.

"ஆனா இதுதான் கடைசி," என்றாள். "இதுவும் மியூசியத்துக்குப் போச்சுன்னா பழைய சாமான் எடுக்கிற காராங்குனிக்காரரைக் கூப்பிட்டு எல்லாத்தையும் அள்ளிக் குடுத்துடுவேன். நீங்க காலையில என்கூட கம்யூனிட்டி கிளப்புக்கு லைன் டான்ஸுக்கு வரணும்."

லைன் டான்ஸுக்கு நான் பயந்தவன் இல்லை. நான் ஆடினால் மற்றவர்கள்தான் பயப்படவேண்டும். என்னைத் தைத்தது அவள் சொன்ன விதம். கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு நாலு சொல்லியிருப்பேன். பழுதான லிஃப்ட் வராது என்று தெரிந்தும் பொத்தானை அழுத்திவைக்கிறவர்கள் இருப்பார்களே, அந்த மாதிரி அலுத்துப்போய்ச் சொன்னாள். நான் எதையும் முடிக்கமாட்டேன் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. இந்த எறும்புக் குழாய் மட்டும் ஸ்டோர் ரூமுக்குப் போகக்கூடாது என்று அங்கேயே முடிவுசெய்தேன்.

குழாய் என்றது சோதனைக்குழாய். அடியில் தண்ணீர், அதை அடைக்கப் பஞ்சு, நடுவில் ராணி, வாயில் இன்னொரு பஞ்சு. அவ்வளவுதான் அரண்மனை. இருட்டில், ஆடாமல் அசையாமல் வைக்கவேண்டும். பிள்ளைகள் பொரித்து வரும்வரை அவளுக்குச் சாப்பாடே வேண்டாம். ஒரே ஒரு நிபந்தனை: எட்டி எட்டிப் பார்க்கக்கூடாது. பார்த்தால் மிரண்டுபோய்த் தன் முட்டையைத் தானே தின்றுவிடுவாள்.

எட்டிப் பார்க்காமல் இருப்பது! நான்!

என் வேட்டி அலமாரியின் இழுப்பறையில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினேன். சாத்திய கை கதவை விடவில்லை. அன்று மத்தியானத்துக்குள் அலமாரிக் கதவின் கீல் தேய்ந்துபோனது. ரஞ்சிதம் வந்தாள், என்னைத் தள்ளினாள், அலமாரியைப் பூட்டிச் சாவியைக் கைப்பையில் போட்டாள்.

"ஒரு பிள்ளைத்தாச்சியை இப்படியா நிமிஷத்துக்கு ஒருதரம் எட்டிப் பார்ப்பாங்க? போங்க, எங்கயாவது நடங்க."

நடந்தேன். அந்த வாரங்களில் நான் நடந்த நடையில் புக்கிட் மேராவின் நடைபாதை அரை அங்குலம் இறங்கிவிட்டது. நம்பிக்கை இல்லாதவர்கள் போய் அளந்து பார்க்கலாம்.

ஒருநாள் அவளாகவே அலமாரியைத் திறந்தாள். "வாங்க, பாருங்க. தொடாம பாருங்க." ராணியின் காலடியில் பொடிப்பொடியாய் ஏழெட்டுப் பிள்ளைகள், எள்ளுக்குக் கால் முளைத்த மாதிரி ஓடிக்கொண்டிருந்தன. அவற்றுக்குக் கீழே ஒரு குவியல் வெள்ளைப் புழு. அரிசிக் குருணை அளவில். அடுத்த தலைமுறை. ஊசிமுனையில் ஒரு சொட்டுச் சர்க்கரைத் தண்ணீர் வைத்தேன். ஒன்று வந்து குடித்தது. குடித்துவிட்டு ஓடிப்போய் ராணியின் வாயில் ஊட்டியது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ரஞ்சிதமும் மூக்கை உறிஞ்சினாள். கேட்டால் சளி என்பாள்.

மறுநாள் புரட்டாசி பிறந்தது.

எங்கள் வீட்டில் புரட்டாசி என்றால் விளையாட்டு இல்லை. மீன் சட்டி, கறிச் சட்டி எல்லாம் மூட்டைகட்டி மேலே ஏறிவிடும். முட்டை கிடையாது. கொசு அடிக்கும் மின்சார மட்டைகூட மாதம் முடியும்வரை பரணில்தான். சனிக்கிழமைதோறும் ரஞ்சிதம் சிராங்கூன் ரோடு பெருமாள் கோயிலுக்குக் காலையிலேயே போய்ப் பூக்கட்டிவிட்டு வருவாள்.

அதே நாளில்தான் குழுவிலிருந்து சேதி வந்தது. சர்க்கரைத் தண்ணீர் நடமாடுகிற எறும்புக்குப் போதுமாம். வளர்கிற புழுவுக்குக் கறி வேண்டுமாம். ஒரு ஈ, ஒரு பூச்சி, ஏதாவது. இல்லாவிட்டால் புழு சுருங்கும். கடைசியில் ராணியே அதைத் தின்றுவிடுவாளாம். அத்தோடு குடும்பம் முடிந்தது.

"ரஞ்சி, ஒரே ஒரு சின்னப் பூச்சி..."

"இது என்ன மாசம்?"

"எறும்புக்கு ஏது மாசம்?"

"இது பிள்ளையார் எறும்புங்க. பிள்ளையார் எங்கயாவது கவிச்சி சாப்பிடுவாரா? கோலத்தை அரிசி மாவுல போடறதே எறும்பு சாப்பிடத்தானே?"

அரிசி மாவு வைத்தேன். அதன்மேல் நடந்துபோயின. வேகவைத்த துவரம்பருப்பு வைத்தேன். முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டன. பன்னீர், டவ்குவா என்கிற சோயாக்கட்டி, ஊறவைத்த கடலை. பெருமாள் கோயில் அன்னதானத்தில்கூட இத்தனை வகை இருந்திருக்காது. கடைசியாக ரஞ்சிதம் தன் கையால் சுட்ட உளுந்து வடையில் ஒரு துணுக்கைக் கிள்ளித் தந்தாள். எறும்புகள் கூட்டமாக வந்தன. எனக்கு ஒரே சந்தோஷம். வந்தவை பஞ்சைப் பிய்த்துப் பிய்த்து எடுத்துவந்து வடையின்மேல் போட்டு மூடின. பிணத்தைப் புதைக்கிற மாதிரி.

"என் வடையையா?" என்றாள் ரஞ்சிதம். கல்யாணமான நாளிலிருந்து அவள் வடையை அப்படி யாரும் அவமதித்ததில்லை. அன்று ராத்திரி அவள் சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் தானாகவே இறங்கிவந்தாள். "சரி. தானா செத்த பூச்சி கிடைச்சா கொண்டு வாங்க. நீங்க கொல்லக்கூடாது. ஆள் வச்சும் கொல்லக்கூடாது."

ஆகா என்று கிளம்பினேன். அப்புறம்தான் தெரிந்தது, சிங்கப்பூரில் ஒரு பூச்சி நிம்மதியாக வயதாகிச் சாக வழியே இல்லை. குப்பைத் தொட்டியருகே கரப்பான் செத்துக்கிடந்தால் அது மருந்தடித்துச் செத்தது. கொண்டுபோனால் என் குடும்பமும் செத்துப்போகும். புல்லில் கொசுமருந்துப் புகை. கட்டடத்தில் பூச்சிமருந்து. மீதி இருக்கிற இடத்தைத்தான் துடைப்பக்காரர்கள் விடிவதற்குள் கழுவித் தள்ளிவிடுகிறார்களே. செம்பவாங் கடற்கரைவரை போய்ப் பார்த்துவிட்டேன். ஒரு தும்பியைப் பின்தொடர்ந்து கல்யாண மண்டபத்துக்குள் போய் மாப்பிள்ளை வீட்டாரோடு போட்டோவில் நின்றுவிட்டேன். தும்பி வெளியே போய்விட்டது. நான் பாயசம் குடித்துவிட்டு வந்தேன்.

இந்த அலைச்சலில் எனக்குத் துணை, என் நண்பர் இராஜசிங்கம். யாழ்ப்பாணத்து வம்சம். நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். சாட்சிகள் சொல்வதைக் கேட்டுக் கேட்டு, யார் வாயைத் திறந்தாலும் அடுத்த கேள்வி தயாராக வைத்திருப்பார். நாங்கள் சந்திப்பது தேக்காவில், நெய்னா முகம்மது தேநீர்க் கடையில்.

ஒருநாள் அங்கே எங்கள் மேசையில் ஒரு ஈ. கிழட்டு ஈ. தள்ளாடித் தள்ளாடி ஒரே வட்டத்தில் நடந்தது.

"சிங்கம், அசையாதீங்க. இதுக்கு இன்னும் கொஞ்ச நேரந்தான்."

"உமக்கு விசரே? ஈ சாகும்வரைக்கும் இஞ்சை காவல் இருக்கப்போறீரோ?"

"ஷ்ஷ்! நிம்மதியா போகட்டும்."

நெய்னா முகம்மது தோளில் துண்டோடு வந்து நின்றார். "அண்ணே, மத்தியான யாவாரம். என் கடையில ஈ இருக்குன்னு ஊருக்கே காட்டுற மாதிரி இப்படி முறைச்சுப் பார்த்தீங்கன்னா நான் எப்படிக் கடை நடத்துறது?"

ஈ நின்றது. காலைத் தூக்கியது. ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நான் பைக்குள் டிஷ்யூவைத் தேடினேன். ஈ சாய்ந்த வாக்கிலேயே உருண்டு இராஜசிங்கத்தின் தே தாரிக்கில் விழுந்தது. மனிதர், வாழ்க்கையில் ஒரு தடவைகூடக் கருணை காட்டாதவர், சட்டென்று கரண்டியை விட்டு அதை வெளியே எடுத்துவிட்டார். ஈ இறகை உதறியது. சூடான தேநீர் உடம்புக்கு ஒத்துக்கொண்டதோ என்னவோ, இளந்தாரி மாதிரி 'விர்'ரென்று பறந்து மீன் கடைப்பக்கம் போய்விட்டது.

"என்ன காணும் இப்பிடிப் பாக்கிறீர்?" என்றார். "உயிரல்லோ!"

அதற்குப் பிறகு நான் செய்தது தப்புத்தான். பறவைத் தீனி விற்கும் கடையில் ஒரு சுவர்க்கோழிப் பூச்சி வாங்கினேன். கொல்லவில்லை. சத்தியமாகக் கொல்லவில்லை. மயங்கட்டும் என்று ஐஸ்பெட்டியில் கொஞ்சநேரம் வைத்து, டிஷ்யூவில் படுக்கப்போட்டு, கையில் ஏந்திக்கொண்டு துக்கமுகத்தோடு ரஞ்சிதத்திடம் போனேன்.

"பஸ் ஸ்டாப்புல கிடந்துச்சு. மாரடைப்பு போல."

அவள் குனிந்து பார்த்தாள். "அப்படியா?"

"வயசும் ஆயிருக்கும்."

"மீசை ஆடுதே."

"காத்துல ஆடுது."

காற்றில் ஆடிய மீசை அடுத்த நொடியே அவள் தோளுக்குத் தாவியது. அவள் போட்ட சத்தத்தில் பத்தாவது மாடிக்காரர்கள் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட்டிருப்பார்கள். சுவர்க்கோழி ஃபிரிஜ்ஜுக்குப் பின்னால் குடிபுகுந்து வாரம் முழுக்க 'கிர்ர் கிர்ர்' என்று எனக்கு எதிராகச் சாட்சி சொல்லிக்கொண்டே இருந்தது.

"இனிமே நீங்க கொண்டு வர்ற எந்தப் பிணத்தையும் நான் நம்பமாட்டேன்," என்றாள் ரஞ்சிதம். "என் கண்ணு முன்னால, தன்னால செத்தா, அப்ப பார்க்கலாம். நடக்கப்போறது இல்ல. பேசாம லைன் டான்ஸுக்கு ஷூ வாங்குங்க."

குழாயைப் பார்த்தேன். குருணை கடுகாகிவிட்டது. புழுக்கள் சுருங்கிக்கொண்டே வந்தன. ராணி அவற்றின் பக்கமே நின்று கொம்பை ஆட்டிக்கொண்டிருந்தாள். எனக்கு உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை. அறைக்கும் சமையலறைக்கும் நடந்தேன். லிஃப்டில் கீழே போய் அதே லிஃப்டில் மேலே வந்தேன். விளையாட்டுக்குத் தொடங்கியதுதான். ஆனால் அந்தப் பொடிசுகள் வெறும் வயிற்றோடு அந்தக் கடுகுகளைத் தூக்கிக்கொண்டு இங்கும் அங்கும் ஓடுவதைப் பார்த்தால், வேடிக்கையாக எனக்கு எதுவும் சொல்ல வரவில்லை. எனக்கே சொல்ல வரவில்லை என்றால் பாருங்கள்.

மூன்றாவது சனிக்கிழமை மத்தியானம் ஸைஃப் நினைவுக்கு வந்தான். என்னோடு வேலை பார்த்த வங்காளதேசத்துப் பையன். பையன் என்றேன், அவனுக்கே நரைத்துவிட்டது. துவாஸில் தொழிலாளர் விடுதியில் இருக்கிறான். புதுக்கோட்டைக்காரர்களோடு தங்கித் தங்கித் தமிழ் பிடித்துக்கொண்டவன். போன் போட்டு, தானாகச் செத்த பூச்சி அங்கே கிடைக்குமா என்று கேட்டேன்.

"அங்கிள், மழ பேஞ்சா ஈசல் நெறய வரும். பெரிய லைட்டு கீழ விழுந்து கெடக்கும். யாரும் அடிக்காது. தன்னால சாவும்."

ஈசல்! ஒரு பொழுதுதான் அதற்கு ஆயுள் என்று ஊரெல்லாம் பழமொழி சொல்கிறதே! எனக்கு ஏன் தோன்றவில்லை? வானம் வேறு கறுத்துக்கொண்டு வந்தது. அவள் கண் முன்னால் சாகவேண்டும், அவ்வளவுதானே? வீடியோ காலில் காட்டிவிடுகிறேன். ரஞ்சிதம் மாவிளக்குக்கு மாவும் வெல்லமும் பிசைந்துகொண்டிருந்தாள்.

"எங்க ஓடறீங்க? விளக்கு ஏத்தற நேரத்துக்காவது வீட்ல இருக்கக்கூடாதா? ஒரு நாள், ஒரே ஒரு நாள், ஒரு இடத்துல உக்காருங்களேன்!"

"போனைப் பக்கத்துலயே வச்சுக்க!" என்று கத்திக்கொண்டே ஓடினேன்.

வீட்டுக்குப் பக்கத்து நிலையமான ரெட்ஹில்லில் ரயில் ஏறி, பச்சைக் கோட்டுப் பாதையின் கடைசிவரை போனேன். ரயில் போன வேகம் போதாதென்று பெட்டிக்குள்ளேயே முன்னால் நடந்தேன். துவாஸில் இறங்கினால் வெயில். அந்தி வெயில் மஞ்சளாகக் காய்கிறது. தரை சுக்காய்க் காய்ந்துகிடக்கிறது. ஸைஃப் விடுதி வாசலில் பெரிய விளக்குக் கம்பத்தின் கீழே நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மழ இல்ல அங்கிள். மழ இல்ல, பூச்சி இல்ல."

காத்திருந்தோம். விளக்கு எரியத் தொடங்கியது. விளக்கின் கீழே நாங்கள் இரண்டு பேர்தான் விழாமல் நின்றோம். ரஞ்சிதத்துக்குப் போன் அடித்தேன், எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன், மறுபடி எடுக்கவில்லை. ஸைஃப் வாங்கித் தந்த காப்பியைக் குடித்துவிட்டுத் திரும்பினேன்.

ரெட்ஹில்லில் இறங்கியதும் காலை வைத்தேன், சளப் என்றது. ஊரெல்லாம் தண்ணீர். மரமெல்லாம் சொட்டுகிறது. துவாஸில் ஒரு பொட்டு இல்லை. புக்கிட் மேராவில் கொட்டித் தீர்த்திருக்கிறது. ஈசலைத் தேடி நான் தீவின் அந்தக் கோடிக்கு ஓட, மழை என் வீட்டைத் தேடி வந்துவிட்டுப் போயிருக்கிறது.

கதவைத் திறந்தால், ரஞ்சிதம் சமையலறைத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். மூக்கில் கண்ணாடி. ஒரு கையில், எறும்பு மிரளாமல் இருக்க நான் சிவப்புத்தாள் ஒட்டிவைத்த டார்ச். மறு கையில் குழாய். வாய் லேசாகத் திறந்திருந்தது. நான் வந்தது அவளுக்குத் தெரியவே இல்லை. மடியில் அவள் புருவம் எடுக்கிற இடுக்கி கிடந்தது.

"ரஞ்சி?"

தூக்கிவாரிப்போட்டு எழுந்தாள். குழாயை இழுப்பறையில் வைத்து, அலமாரியைப் பூட்டி, சாவியைப் பையில் போட்டுவிட்டுத்தான் என்னைப் பார்த்தாள்.

"என்ன பண்ணிக்கிட்டு இருந்தே?"

"ஒண்ணும் இல்ல."

"போன் ஏன் எடுக்கல?"

"சைலண்ட்ல இருந்துச்சு."

சாமி அலமாரியைப் பார்த்தேன். மாவிளக்கு இரண்டு. ஒன்று பெருமாள் படத்துக்கு முன்னால் நின்று எரிந்தது. மற்றது ஏற்றாமல் ஓரமாக ஒதுக்கிவைத்திருந்தது. அதன் குழியில் உறைந்த நெய்யில், கண்ணாடித்தாள் மாதிரி மெல்லிசாக ஓர் இறகு ஒட்டிக்கொண்டிருந்தது. சன்னல் விளிம்பில் இன்னும் இரண்டு.

"ரஞ்சி, ஈசல் வந்துச்சா?"

"எனக்கு என்ன தெரியும்? கை கால் கழுவிட்டு வாங்க, பிரசாதம் தர்றேன்."

அடுத்த நாள் அவள் பூக்கடைக்குப் போனதும் அலமாரியைத் திறந்துவிட்டேன். அலமாரிப் பூட்டெல்லாம் லிஃப்ட் மெக்கானிக்குக்கு ஒரு பூட்டா? குழாய்க்குள் ஈசலின் தலையும் நாலு காலும் மட்டும் மிச்சம். எறும்புகளின் வயிறு பளபளவென்று பானை பானையாக இருந்தது. கடுகுகள் மறுபடியும் குருணையாகியிருந்தன. ராணி அசையாமல், நிறைவாக, நடுவில் படுத்திருந்தாள். நான் மெதுவாகப் பூட்டிவிட்டு, என் ஆயுளில் முதல் தடவையாக ஒரு முழு மணிநேரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

உட்கார்ந்தேனே தவிர, வாய் உட்காரவில்லை. தேக்காவுக்கு ஓடினேன். பெருமாள் படத்திலிருந்து ஓர் ஒளி கிளம்பியதையும், இடி இடித்ததையும், தங்கநிற ஈசல் ஒன்று சன்னல் வழியாக வந்து எரிகிற மாவிளக்கில் பாய்ந்து ஜோதியில் கலந்து எறும்புகளுக்குப் பிரசாதம் ஆனதையும் நெய்னா முகம்மது கடை முழுக்கச் சொன்னேன். அந்த இரண்டாவது விளக்கு எரியவே இல்லைதான். அதனால் என்ன? கதைக்கு வெளிச்சம் வேண்டாமா?

விஷயம் பூக்கட்டும் பெண்கள்வரை போய்விட்டது. யார் வந்து கேட்டாலும் ரஞ்சிதத்திடம் ஒரே பதில்: "அவரு சொல்றதையா நம்பறீங்க? சுவர்க்கோழிக்கு மாரடைப்புன்னு சொன்னவரு அவரு. அப்படி எல்லாம் ஒண்ணும் நடக்கல."

நடக்கப்போவதில்லை என்று அடித்துச் சொன்னவள் அவள். இப்போது நடந்தது என்று சொன்னால் நான் சும்மா விடுவேனா? அவளுக்கு அது தெரியும். ஆனால் நடக்கவில்லை என்றால், அந்த எறும்புகளுக்குப் பூச்சி போட்டது யார்? கோயிலில் ஒருத்தி கேட்டேவிட்டாளாம்: "அப்போ உன் வீட்டுக்காரரு புரட்டாசியில எதையாவது அடிச்சுப் போட்டுட்டு, பெருமாள்மேல பழியைப் போடறாரா?" எனக்கு உண்மையாகவே சுருக்கென்றது. நான் அளப்பேன், ஆனால் மாதத்தைக் கெடுத்தவன் இல்லை. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நான் தொடங்கிய காரியம் உயிரோடு இருக்கிறது. அதற்குச் சாட்சி அவள் ஒருத்திதான்.

புரட்டாசி கடைசிச் சனிக்கிழமை, கோயிலில் இருந்து வரும் வழியில் ரஞ்சிதத்தை நெய்னா முகம்மது கடைக்குக் கூட்டிவந்தேன். கால் வலிக்கிறது என்று அவளும் உட்கார்ந்தாள். இராஜசிங்கம் ஏற்கெனவே அங்கே இருந்தார். தேநீரை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டு, வெகு சாதாரணமாக ஆரம்பித்தார்.

"தங்கச்சி, ஒரு சின்னக் கேள்வி. அண்டைக்கு மாவிளக்கு ஏத்தினது ஆர்?"

"நான்தான் அண்ணே. வீட்ல வேற யாரு இருந்தா?"

"ஓம். எரியிற விளக்கிலை ஈசல் விழுந்து செத்துப்போச்சு எண்டு மருதப்பன் சொல்லுறார்."

"அவரு சொல்வாரு."

"அது உண்மையெண்டா, அவர் கொல்லேல்லை. சரி. ஆனா விளக்கை ஏத்தினது நீங்கள். நெருப்பு வைச்சவர்தானே பொறுப்பு? அப்ப கொலை உங்கட கணக்கிலையெல்லோ வருது? புரட்டாசியிலை. அதுவும் சனிக்கிழமையிலை."

ரஞ்சிதத்தின் முகம் சிவந்தது. தேநீர்க் குவளையை டக்கென்று வைத்தாள்.

"என்ன அண்ணே பேசறீங்க? எங்க எரிஞ்சுது அது? திரியே போடல! ஒண்ணை ஏத்திட்டு, ரெண்டாவதுல நெய்யை ஊத்திட்டு, பஞ்சு எடுக்கத் திரும்பறேன், அதுக்குள்ள வந்து விழுந்துடுச்சு! நான் பூக்காம்பால தூக்கிவிடத்தான் பார்த்தேன். காப்பாத்தத்தான் பார்த்தேன்! றெக்கை நெய்யில ஒட்டிக்கிச்சு, நான் என்ன பண்ண?"

நெய்னா முகம்மது ஆற்றிக்கொண்டிருந்த தேநீர் அந்தரத்தில் நின்றது. நான் வாயை இறுக்க மூடிக்கொண்டு மேசைக்கடியில் என் காலை நானே மிதித்துக்கொண்டேன். இராஜசிங்கம் மெதுவாகக் குவளையை வைத்தார்.

"அப்ப, தங்கச்சி, நடந்தது?"

ரஞ்சிதம் அவரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"ஆமா, நடந்துச்சு லா. என் கண்ணு முன்னாலதான் நடந்துச்சு. ஆனா இவரு அளக்கிற மாதிரி இடியும் இல்ல, ஜோதியும் இல்ல. அது பாட்டுக்குச் சன்னல்ல வந்துச்சு, பெருமாள் படத்தை மூணு சுத்துச் சுத்திச்சு, பாதத்துல உக்காந்து ஒரு கும்பிடு போட்டுச்சு, அப்புறந்தான் விழுந்துச்சு."